மாண்டவர்க்கு வாயானவர்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

போர் வரலாறு என்றதும் நம் கண்முன் நிற்பவர்கள் மன்னர்களும் தளபதிகளுந்தாம். எந்த ஆண்டில் எந்தப் போர், வென்றவர் யார், உடன்படிக்கை எங்கே கையெழுத்தாயிற்று என்று பள்ளியில் உருப்போட்டோம், மதிப்பெண் வாங்கினோம், மறந்தோம். தோற்ற மன்னனுக்குக்கூட அந்தப் பாடத்தில் ஒரு வரி உண்டு. தாம் செய்யாத போரில் மாண்டுபோன ஏழை எளியவர்க்கு அரை வரியும் இல்லை. அவர்களுக்காகப் பதினைந்து ஆண்டுகள் எழுதிய ஒருவர் நெதர்லாந்து நாட்டில் வாழ்ந்தார். பேராசிரியர் ஜாக் பிரெஸ்ஸர் என்பது அவர் பெயர். வேதியியல் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கட்டுரையின் கடைசியில் ஒரு வேதியியலாளரும் வருவார், அதுவரை பொறுத்தருள்க.

1899 பிப்ரவரி 24-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரின் யூதர் பகுதியில் பிரெஸ்ஸர் பிறந்தார். தந்தை வைரத்திற்குப் பட்டை தீட்டும் தொழிலாளி. வைரம் தீட்டுகிறவன் வீட்டில் வைரம் இராது என்பதை நாம் அறிவோம். மகன் முதலில் அலுவலக வேலைக்குத்தான் போனார். பல்கலைக்கழகம் அதற்குப் பிறகே வாய்த்தது. 1926-இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்று, ஆம்ஸ்டர்டாமில் உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியரானார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் இந்த வரிகளை நான் இரண்டு முறை படித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

1940 மே மாதம் இட்லரின் படைகள் நெதர்லாந்தில் புகுந்தன. அவ்வாண்டின் இறுதிக்குள் யூத ஆசிரியர்கள் அனைவரும் பணியிலிருந்து விலக்கப்பட்டனர். பிரெஸ்ஸரும் அவர்களுள் ஒருவர். அப்போது அவர் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து டச்சு மக்கள் நடத்திய எண்பது ஆண்டுப் போரின் வரலாற்றை எழுதியிருந்தார். யூதர் பெயரில் நூல் வெளிவர இயலாத காலம். 1941-இல் அந்நூல் வேறொருவர் பெயரைத் தாங்கி வெளிவந்தது. அந்நிய ஆட்சியை எதிர்த்த போரைப் பற்றிய நூலை அந்நிய ஆட்சியின் கீழ் தன் பெயரின்றி வெளியிட வேண்டியிருந்த கொடுமையை என்னென்பது!

யூத மாணவர்களைத் தனியே பிரித்து ஒரு பள்ளி அமைத்தார்கள். பிரெஸ்ஸர் அங்கே பாடம் சொன்னார். நாட்குறிப்பால் உலகறிந்த ஆன் ஃபிராங்க் படித்ததும் அந்தப் பள்ளியில்தான். வகுப்பில் நாளுக்கு நாள் இடங்கள் காலியாயின. வராத மாணவன் எங்கே என்று ஆசிரியர் கேட்க முடியாது. ஒளிந்திருப்பான், அல்லது பிடிபட்டிருப்பான்.

1943 மார்ச் மாதம் அவருடைய மனைவி டெபோரா போலி அடையாளச் சீட்டுடன் ரயிலில் பிடிபட்டார். வெஸ்டர்போர்க் முகாம் வழியாகப் போலந்திலிருந்த சோபிபோர் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, அதே மாதத்தில் கொல்லப்பட்டார். அப்போது அவர்களுக்கு மணமாகி ஏழாண்டுகள்கூட ஆகியிருக்குமோ என்னவோ. பிரெஸ்ஸர் கிராமப்புறங்களில் மறைந்து வாழ்ந்து உயிர் தப்பினார். அந்த மறைவிடங்களிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

போருக்குப் பின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நெப்போலியனைப் போற்றும் கதைகளைத் தோலுரித்த அவரது பெருநூல் 1946-இல் வெளிவந்தது. ஆனால் அவர் வாழ்வின் வேலை 1950-இல் தொடங்கியது. நெதர்லாந்து யூதர்களின் அழிவை எழுதித் தருமாறு அரசின் போர் ஆவண நிறுவனம் அவரைக் கேட்டது. நாட்டில் இருந்த யூதர் சுமார் 1,40,000 பேர். மாண்டவர் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களுள் ஒருத்தி தன் மனைவி. அந்தக் காகிதக் குவியலை ஒரு மனிதன் எப்படித் திறந்து படித்திருப்பான்!

நடுவே எழுத்து ஓடவில்லை. 1957-இல் ஒரு குறுநாவல் எழுதினார். வெஸ்டர்போர்க்கில் ரயிலேற வேண்டியவர்களின் பட்டியலுக்குத் துணைபோன ஒரு யூத ஆசிரியனின் கதை அது. அதற்குப் பிறகே பெருநூலை முடிக்க முடிந்தது. 'அழிவு' என்று பொருள்படும் தலைப்பில் 1965-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அரசாணைகளை மட்டும் அவர் நம்பவில்லை. நாட்குறிப்பு, கடிதம், ரயிலிலிருந்து வீசப்பட்ட துண்டுச் சீட்டு ஆகியவற்றையும் சான்றாக்கினார். ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதி வைப்பவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு டச்சுச் சொல்லையே உருவாக்கினார். வரலாற்று மாணவர்கள் இன்றும் அதைக் கையாளுகிறார்கள்.

நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. ஜெர்மானியர் ஆணைப்படி இயங்கிய யூதர் மன்றத்தின் தலைவர்களை அவர் கடுமையாகச் சாடினார். வசதி படைத்தவர்களுக்குத் தவணை வாங்கித் தந்தார்கள். ஏழைத் தொழிலாளி முதலில் ரயிலேறினான் என்பது குற்றச்சாட்டு. இது வரலாறன்று, வழக்குரை. உணர்ச்சி மிகுந்துவிட்டது என்றனர் சில அறிஞர்கள். கொலைக் கயிறு கழுத்தில் இருக்கும்போது அந்தத் தலைவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வியை நானும் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பட்டை தீட்டுபவர் மகன் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது யார் பெயர் முதலில் இருக்கிறது என்றுதானே பார்ப்பார்? அந்தக் கண் இல்லாத நடுநிலையாளர் எழுதியிருந்தால் இந்தச் செய்தியே வெளிவந்திருக்குமா என்பது என் ஐயம்.

1970 ஏப்ரல் 30-ஆம் நாள் பிரெஸ்ஸர் மறைந்தார். ஆறாண்டுகள் கழித்து அவரது குறுநாவல் இத்தாலிய மொழியில் வந்தது. மொழிபெயர்த்தவர் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிருடன் மீண்ட பிரிமோ லெவி. தூரின் நகருக்கு அருகே ஒரு வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையில் நெடுங்காலம் பணியாற்றிய வேதியியலாளர் அவர்.