டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் நம் பிள்ளைகளின் மருத்துவக் கல்வியும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றியோ, இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியோ, எம்.சி. ராஜாவைப் பற்றியோ எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அப்பெருமக்களின் வரலாறுகளை நம் இளைஞர்கள் ஓரளவேனும் அறிவர். நாம் எடுத்துக்கொண்டதோ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறு. அம்மையார் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். அவ்வாறிருக்க, இம்மலரில் அவருக்கு என்ன இடம் என்று கேட்போர் இருப்பர். மருத்துவம் பயில விரும்பும் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், பாடத்தில் தோற்பதினும் விண்ணப்பத்தில் தோற்பதையே நாம் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்து மிகுதியாகக் கண்டு வருகிறோம். பிறப்பைக் காட்டித் தடுக்கப்பட்ட விண்ணப்பம் ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளாமல் நின்று வென்ற ஒரு பெண்ணின் வரலாறு ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். புதுக்கோட்டை மகாராசா கல்லூரியில் முதல்வராகப் பணியாற்றிய கல்வியாளர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி முறைக்கு உட்பட்டிருந்த இசை வேளாளர் குலத்தவர். இம்மணத்தால் தந்தையார் தம் சுற்றத்தாரின் வெறுப்புக்கு ஆளானார். மகளோ தாயின் பிறப்பையே தன் பிறப்பாகச் சுமக்க நேர்ந்தது. கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடப்படும் பெண்கள் ஆடலும் பாடலும் கற்கலாம், எழுத்தும் கற்கலாம். ஆனால் மதிப்புள்ள குடும்பத்துப் பெண்களோடு ஒரு பலகையில் அமர இயலாது. அந்நாளைய வழக்கு அதுவாக இருந்தது.

பூப்பெய்திய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது அக்காலத்து நியதி. இக்காலத்திலும் நம் ஊர்களில் அது முற்றும் ஒழிந்துவிட்டதாகச் சொல்ல நமக்கு நா எழவில்லை. முத்துலட்சுமியும் வீட்டோடு இருத்தப்பட்டார். எனினும் படிப்பு நிற்கவில்லை. தந்தையார் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். 1902-இல் தனித் தேர்வராக எழுதி மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் வெற்றி பெற்றார்.

அதன் பின்னரே உண்மையான தடை எதிர்ப்பட்டது. மகாராசா கல்லூரி ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரி. அதில் சேர முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம். தேவதாசி குலத்துத் தாயின் மகள் என்பது மற்றொரு காரணம். இப்பெண் வகுப்பில் அமர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று கருதினர். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றிருந்தால் எல்லார்க்கும் எளிதாக இருந்திருக்கும். அது மன்னர் வரை சென்றது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்புகளைத் தள்ளி, சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டதோடு உதவித் தொகையும் வழங்கினார். முத்துலட்சுமி மூடு வண்டியில் கல்லூரிக்குச் சென்றார். வகுப்பில் ஆண்களுக்கும் அவருக்கும் இடையே திரை கட்டப்பட்டிருந்தது. திரைக்குப் பின்னிருந்து கேட்ட பாடத்தைக்கொண்டே இண்டர்மீடியட் தேறினார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மையாருக்குக் கற்றறிந்த தந்தை இருந்தார். எங்கே, எவருக்கு, எப்படி எழுத வேண்டும் என்பது அத்தந்தைக்குத் தெரிந்திருந்தது. செங்கல் சூளையிலும் பெங்களூரின் கட்டட வேலையிலும் உழைக்கும் நம் பெற்றோருக்கு அது தெரியாது. தாயின் பிறப்பு அம்மையாருக்கு இழிவாகச் சுமத்தப்பட்டது உண்மையே; ஆயினும் சேரிக்கு வெளியே ஒரு வீடு அவருக்கு இருந்தது. ஆகவே அவர் பட்ட துன்பமும் நம்மவர் படும் துன்பமும் ஒன்றே என்று கூறி மேடையில் கைதட்டல் பெற நாம் விரும்பவில்லை. வழி தெரிந்த ஒருவர் அருகில் இருந்ததால் ஒரு விண்ணப்பம் எவ்வளவு தூரம் சென்றது என்பதையே ஈண்டுக் குறிக்கிறோம்.

1907-ஆம் ஆண்டில் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் பயின்ற முதல் பெண் அவரே என்று பலரும் எழுதிவிடுகின்றனர், அது பிழை. 1875-ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் முதலான நான்கு பெண்கள் அங்கே சேர்க்கப்பட்டனர். பெரியோர்க்கு இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. உள்ள பெருமையே போதும். 1912-இல் பதக்கங்களும் பரிசுகளும் பெற்று அவர் பட்டம் எய்தினார். எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்த முதல் பெண்மணி அவரே. புதுக்கோட்டையில் திரைக்குப் பின்னால் அமர்த்தப்பட்டது முதல் இது வரை பத்து ஆண்டுகளுக்கு மேற்படாத காலந்தான்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கலாகாது என்னும் ஒப்பந்தத்தின் பேரிலேயே அம்மணம் நிகழ்ந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறு வாரமே மாப்பிள்ளை பார்க்கப் புறப்படும் நம் பெற்றோர் இதனை ஒரு முறைக்கு இரு முறை படிக்கலாம்.

1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். திரும்பியபின் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரானார். அவையின் துணைத் தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டார். பெண்களின் திருமண வயதை உயர்த்தவும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை நடத்தவும் அங்கே குரல் கொடுத்தார். இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்ட்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி 1947-இல் சட்டமாக நிறைவேறியது. அதற்கு முன்பே, 1930-இல், காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்திருந்தார்.

அவ்வை இல்லம் தோன்றிய வரலாற்றை நம் பெண்பிள்ளைகள் அறிதல் வேண்டும். பொட்டுக் கட்டப்படுவதிலிருந்து தப்பிய சிறுமியர் சிலர் அம்மையாரின் வீட்டை நாடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சென்னையின் விடுதிகள் முன்வரவில்லை. காரணம், முன்பு அம்மையாருக்குச் சொல்லப்பட்ட அதே பிறப்புதான். அவர் தம் வீட்டிலேயே அவர்களை வைத்துப் படிக்க வைத்தார். 1930-களின் தொடக்கத்தில் அதுவே அவ்வை இல்லமாயிற்று. இன்றும் சென்னை அடையாற்றில் அது இயங்கி வருகிறது.

1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்த துயரம் அவர் நெஞ்சில் நீங்காதிருந்தது. அதன் விளைவே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1952-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கப்பட்டது. 1956-இல் பத்மபூஷண் விருது அம்மையாருக்கு வழங்கப்பட்டது. 1968 சூலை 22-இல், தம் 82-ஆம் வயது நிறைவெய்த ஒரு வாரமே இருக்கையில், அவர் மறைந்தார். ஏழைத் தாய்மாருக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியது. நம் தெருக்களில் அத்தொகையைப் பெற்ற தாய்மார் பலர். அப்பெயர் எவருடையது என்று அறிந்தோர் சிலரே.

அம்மையாருக்கு வழி திறந்தது ஒரு மன்னரின் மனம். நமக்கு அத்தகைய மனத்தை எதிர்பார்த்து நிற்கும் நிலை இன்றில்லை, சட்டம் இருக்கிறது. அச்சட்டமும் மருத்துவக் கல்லூரி இடத்தை வைத்தே பிறந்தது என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்ளட்டும். 1950-இல் சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்த வகுப்புவாரி ஆணைப்படி ஒவ்வொரு 14 இடங்களிலும் 2 இடங்கள் நம்மவர்க்கு உரியவை. சென்னை மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் கிடைக்காது எனக் கருதிய செண்பகம் துரைராஜன் என்னும் அம்மையார் அவ்வாணையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவர் அக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது வழக்கிலேயே வெளிப்பட்ட செய்தி. எனினும் உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் ஆணை செல்லாது என்றன. தமிழகம் கிளர்ந்தெழுந்தது. அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்த அதே ஆண்டு சூன் திங்களில் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15-ஆம் உறுப்பில் நான்காம் பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று தமிழக இடங்களில் நம்மவர்க்குள்ள 18 விழுக்காட்டுக்கு அடிநிலம் அப்பிரிவே. அந்த 18-க்குள் 3 விழுக்காடு அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்குத் தனியே 1 விழுக்காடு.

இனி, இன்றைய விண்ணப்பத்திற்கு வருவோம். 2017 முதல் தமிழகத்திலும் நீட் தேர்வின் வழியாகவே மருத்துவச் சேர்க்கை நடைபெறுகிறது. அத்தேர்வு கிராமத்துப் பிள்ளைகளுக்கு நீதி செய்கிறதா என்பதில் நமக்குக் கடுமையான கருத்து உண்டு. அதனை வேறிடத்தில் எழுதுவோம். தேர்வு இருக்கும்வரை எழுதித்தான் ஆக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். வினாத்தாளைத் தமிழில் பெறலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நாளிலேயே அதைக் குறித்துவிட வேண்டும். மொத்த மதிப்பெண் 720. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்றோருக்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காட்டு இடங்கள் தனியே உண்டு. அவ்வாறு சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வாயில் இல்லை. நாம் பிள்ளைகளாக இருந்த நாளில் இம்மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரியே கிடையாது. 2008-இல் தருமபுரியிலும் 2022-இல் கிருஷ்ணகிரியிலும் அரசுக் கல்லூரிகள் வந்துவிட்டன.

ஆனால் நீட் விண்ணப்பம் ஒன்று; இடத்துக்கான விண்ணப்பம் வேறொன்று. தேர்வு முடிவு வந்தபின், சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வி தேர்வுக் குழுவுக்கு இணையவழியில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். மாநிலத்தின் 85 விழுக்காட்டு இடங்களுக்கு அதுவே வழி. எஞ்சிய 15 விழுக்காட்டு அகில இந்திய இடங்களுக்குத் தில்லியின் கலந்தாய்வுக் குழுவிடம் மற்றுமொரு பதிவு. அதற்குச் சில நாள்களே தருவர்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அரூர் வட்டத்தில் நாம் பணியாற்றிய பள்ளியில் சூளைத் தொழிலாளி ஒருவரின் மகள் முதல் முயற்சியிலேயே நீட் தேர்வில் தகுதி பெற்றாள். பள்ளியில் இனிப்பு வழங்கினோம். அப்பெண்ணும் அவள் தாயும் கல்லூரியிலிருந்து கடிதம் வருமென்று வீட்டில் காத்திருந்தனர். இரண்டாம் விண்ணப்பம் உண்டென்று நாம் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள் என்று நாமே எண்ணிக்கொண்டோம். அவள் பள்ளிக்கு வந்து கேட்டபோது விண்ணப்ப நாள் கடந்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. புதுக்கோட்டையில் விண்ணப்பத்தை மறுக்க ஒரு கூட்டமே வேண்டியிருந்தது. இங்கே மறுக்க எவரும் தேவைப்படவில்லை. நம் வாய் மூடியிருந்ததே போதுமானதாயிற்று. அப்பெண் செவிலியர் படிப்பை முடித்து இன்று பணியில் இருக்கிறாள். நம்மைக் கண்டால் வணக்கம் சொல்கிறாள். அவ்வணக்கத்தை ஏற்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு சொல். வட்டாட்சியர் வழங்கும் சாதிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் பயின்றதற்கான தலைமையாசிரியர் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார் ஆகியவற்றில் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதைப் பதினோராம் வகுப்பிலேயே பார்த்துவிட வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்தே கோடை கழிந்துவிடும். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நம்மவர் வீடுகள் எரிக்கப்பட்டபோது பிள்ளைகளின் சான்றிதழ்களும் சேர்ந்து எரிந்தன. அதன் பிறகு நம் பள்ளியில் ஒவ்வொரு மாணவரின் சான்றிதழ்களையும் படி எடுத்து ஒரு தொகுப்பாக வைத்துவருகிறோம்.

கழகத்தின் பொதுக்குழு கூடும்போது ஒரு கோரிக்கையை வைக்க இருக்கிறோம். நீட் முடிவு வெளியாகும் நாளிலிருந்து தேர்வுக் குழுவின் விண்ணப்ப நாள் முடியும் வரை, இணைய விண்ணப்பம் தெரிந்த நம் பட்டதாரி இளைஞர் இருவர் மாலை வேளைகளில் கழகக் கட்டடத்தில் அமர வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம். முதல் ஆண்டில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் ஆகிய மூன்று வட்டங்களின் அரசுப் பள்ளிகளிலிருந்து தகுதி பெற்ற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் திரட்டித் தருவது நம் பொறுப்பு.