இலங்கைத் தேயிலையின் தந்தை ஜேம்ஸ் டெய்லர்

காலையும் மாலையும் தேநீர் மணக்காத இல்லம் நம் பக்கத்தில் உண்டோ? விருந்தினர் வந்தால் தேநீர். களைத்து வந்தால் தேநீர். ஆயினும் தேயிலைச் செடி நம் கலவையிலோ ஆற்காட்டிலோ வளர்வதில்லை. குளிர்ந்த மலைச்சரிவும் நிறைந்த மழையும் அதற்கு வேண்டும். செடியில் இருக்கும்போது பச்சை நிறமும் புல்வாசனையும் கொண்ட இலை, நம் டம்ளருக்கு வரும்போது செந்நிறமும் நறுமணமும் பெற்றது எவ்வாறு? இதனை ஏட்டில் படிக்காமல், கண்ணாலும் மூக்காலும் கையாலும் கற்றறிந்த ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

ஜேம்ஸ் டெய்லர் 1835-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்க 1852-இல் இலங்கை வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறு. எங்களைவிட ஒரே வயது மூத்தவர்! கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துர தோட்டமே அவருடைய வீடாயிற்று. பிறந்த மண்ணை அவர் மீண்டும் காணவேயில்லை.

அக்காலத்தில் இலங்கை மலைகளில் காப்பியே அரசாண்டது. டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869-இல், காப்பி இலைகளில் துருநோய் தோன்றியது. தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. திகைத்து நின்ற முதலாளிகளுக்கு டெய்லரின் தேயிலைச் செடிகள் வழிகாட்டின.

செடி வளர்ந்தால் மட்டும் போதுமா? இலையைத் தேயிலையாக்கத் தெரிய வேண்டுமே! தொடக்கத்தில் டெய்லரின் பங்களாத் தாழ்வாரமே தொழிற்சாலை. கொழுந்துகளை வாட்டி, மேசைமீது கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் உலர்த்தினர். அந்தத் தாழ்வாரத்தில் நடந்தது என்ன என்பதை இன்றைய அறிவியல் நமக்கு விளக்குகிறது.

பறித்தவுடன் இலை இறந்துவிடுவதில்லை. பச்சை இலையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். வாடும்போது அந்நீர் குறைகிறது. வறட்சியை உணர்ந்த இலையில் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் பெருகுகிறது. பறித்த காயத்தால் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் மற்றொரு ஹார்மோனும் பெருகுகிறது. சாதிமல்லியின் மணத்திலுள்ள பொருளும் இதுவும் நெருங்கிய உறவினர். பெயரும் மல்லிகையிலிருந்தே வந்தது. தன்னைக் காத்துக்கொள்ள முயலும் இலையில், பூமணம் தரும் பொருள்களும் உண்டாகின்றன. துன்பத்தில் மணக்கும் இலை அன்றோ இது!

அடுத்து உருட்டும்போது இலையின் செல்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியே இருந்த துவர்ப்புப் பொருளும் நொதியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒன்றுசேர்கின்றன. பச்சை, செம்பழுப்பாக மாறுகிறது. தேநீரின் பளபளப்பும் செந்நிறமும் அப்போது பிறந்தவையே. தக்க நேரத்தில் சூடேற்றினால் நொதியின் வேலை நிற்கும். முந்தினால் பச்சை வாசனை மாறாது. பிந்தினால் சுவை கெடும். இந்தத் துவர்ப்பு நமக்குப் புதிதன்று. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கங்களில் தோல் பதனிட உதவிய ஆவாரம்பட்டையின் துவர்ப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஹார்மோன் என்ற சொல்லே 1905-இல்தான் பிறந்தது. டெய்லர் அதனைக் கேட்டவரல்லர். ஆயினும் எப்போது உருட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பொறுமையோடு பார்த்துப் பார்த்துக் கற்றார். 1872-இல் தொழிற்சாலை அமைத்து, உருட்டும் இயந்திரமும் செய்தார். 1873-இல் அவரது தேயிலை 23 பவுண்டு லண்டன் சென்றது. 1874-இல் ஒருமுறை விடுமுறை எடுத்தபோதும் டார்ஜிலிங் சென்று தேயிலையைப் பற்றியே கற்றுத் திரும்பினார்.

அவரோடு உழைத்தவர்களை நாம் மறக்கலாமா? காடு திருத்தியவர்களும் கொழுந்து பறித்தவர்களும் பெரும்பாலும் நம் தமிழ் மக்களே. கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டிற்கு நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். டெய்லருக்கு வரலாற்றில் பெயர் இருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் ஏட்டில் இல்லை. 1948-இல் அவர்தம் சந்ததியார் இலங்கைக் குடியுரிமையையும் இழந்தனர். பின்னாளில் தாயகம் திரும்பியவர்களுள் பலர் நீலகிரி அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர்.

டெய்லரின் இறுதி நாள்களும் இனிமையாக இல்லை. நாற்பது ஆண்டுகள் பாடுபட்ட தோட்டத்திலிருந்து விலகுமாறு நிர்வாகம் கூறியது. 1892 மே 2-ஆம் நாள் வயிற்றுக்கடுப்பு நோயால் காலமானார். பருத்த உடலினரான அவரைத் தொழிலாளர் 24 பேர் முறைமாற்றிச் சுமந்து கண்டிக்குக் கொண்டு சென்றனர். அங்கு மகியாவ கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார்.

பறிக்கப்பட்ட இலை வாடியும் கசங்கியும் வெந்தும் பிறருக்குச் சுவை தருகிறது. தாய்மண்ணைப் பிரிந்த டெய்லரும், நம் மக்களும் அவ்வாறே வாழ்ந்தனர். தோழியரே! அடுத்த முறை தேநீர் அருந்தும்போது, பெயர் தெரிந்த அந்த ஒருவரோடு பெயர் தெரியாத பல்லாயிரம் கைகளையும் நன்றியோடு நினைப்போமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி