தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார்

தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் (மே 5, 1903 - நவம்பர் 21, 1991) தமிழகத்தைச் சேர்ந்த கல்வியாளர், காந்தியவாதி, இந்திய விடுதலைப் போராட்ட வீரர், அரசியல் தலைவர் ஆவார். திருப்பூரில் பிறந்த இவர் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராகவும், நாடாளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். கோயம்புத்தூர் இராமகிருஷ்ண வித்தியாலயம், தமிழ் வளர்ச்சிக் கழகம், அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி ஆகியவற்றைத் தோற்றுவித்தவர். பத்துத் தொகுதிகள் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியமும், குழந்தைகள் கலைக்களஞ்சியமும் இவருடைய முயற்சியால் உருவானவை. இறுதிவரை திருமணம் செய்துகொள்ளாத இவர் தொடங்கிய பணிகளில் பெரும்பாலானவை குழந்தைகளின் கல்வி, உணவு, வளர்ப்பு ஆகியவற்றைச் சார்ந்தே அமைந்தன.

பிறப்பும் கல்வியும்

அவினாசிலிங்கம் 1903 ஆம் ஆண்டு அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பூரில், வசதி மிக்க வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் சுப்பிரமணியம் செட்டியார், பழனியம்மாள். தொடக்கக் கல்வியைத் திருப்பூரிலும், பின்னர் கோயம்புத்தூர் இலண்டன் மிஷன் பள்ளியிலும் பயின்றார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டப்படிப்பையும், சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டப்படிப்பையும் முடித்தார். அதன்பின் கோயம்புத்தூரில், கூட்டுறவு இயக்க முன்னோடிகளுள் ஒருவரான தி. அ. இராமலிங்கம் செட்டியாரிடம் வழக்கறிஞராகப் பயிற்சி பெற்றார்.

அவருடைய இளமைக் காலத்தில் திருப்பூர் பருத்தி வணிகத்திற்குப் பெயர் பெற்ற ஊராக இருந்தது. 1920களில் கதர் இயக்கத்தின் முக்கிய மையமாகவும் அது வளர்ந்தது. 1925 இல் தோன்றிய அகில பாரத நூற்போர் சங்கத்தின் தமிழகக் கிளை திருப்பூரிலிருந்தே இயங்கியது. அதே காலத்தில்தான் அவ்வூரில் பனியன் தொழிலும் சிறிய அளவில் தொடங்கியது. காந்தியடிகளின் கருத்துகள் அவினாசிலிங்கத்தை ஈர்த்ததற்கு இச்சூழலும் ஒரு காரணமாகும். இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் போதனைகளிலும் அவர் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டார்.

விடுதலைப் போராட்டம்

வழக்கறிஞர் தொழிலில் நிலைபெறும் முன்பே அவர் காங்கிரசு இயக்கத்தில் ஈடுபட்டார். 1930களின் தொடக்கத்தில் நடந்த சட்டமறுப்பு இயக்கம், 1941 இல் தனிநபர் சத்தியாகிரகம், 1942 இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் ஆகியவற்றில் கலந்துகொண்டு சிறை சென்றார். 1935 முதல் 1945 வரை மத்திய சட்டசபையின் உறுப்பினராக இருந்தார்.

இராமகிருஷ்ண வித்தியாலயம்

1930 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒருசில மாணவர்களுடன் இராமகிருஷ்ண வித்தியாலயத்தை அவினாசிலிங்கம் தொடங்கினார். ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே இடத்தில் தங்கி வாழும் பண்டைய குருகுல முறையும், கைத்தொழிலுக்கு இடமளிக்கும் காந்தியக் கல்வியும் இதில் இணைந்திருந்தன. தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சிறுவர்களும் பிற சமூகத்துச் சிறுவர்களும் இங்கு ஒன்றாகத் தங்கினர். ஒரே பந்தியில் உண்டனர். கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் பொதுக் கிணறும் கோயிலும் பலருக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. தம் பிள்ளையை இத்தகைய விடுதிக்கு அனுப்புவதா என்பது அன்றைய பெற்றோர் பலருக்கு எளிதில் முடிவு செய்யக்கூடியதாக இல்லை.

1934 ஆம் ஆண்டு தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகம் வந்த காந்தியடிகள் வித்தியாலயக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். பின்னர் இந்நிறுவனம் கோயம்புத்தூர் - மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்திற்கு இடம்பெயர்ந்தது. விடுதியைத் தூய்மை செய்தல், தோட்ட வேலை, நூற்றல், உணவு பரிமாறுதல் போன்ற அன்றாட வேலைகளை மாணவர்களே முறைவைத்துச் செய்வது இங்குக் கல்வியின் பகுதியாகக் கொள்ளப்பட்டது.

பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, கிராமியக் கல்வி நிறுவனம், கலை அறிவியல் கல்லூரி எனப் பல பிரிவுகளாக வித்தியாலயம் வளர்ந்தது. சுற்றியுள்ள ஊர்களில் பணியாற்றப்போகும் ஆசிரியர்களை அங்கேயே உருவாக்குவது இவ்வளர்ச்சியின் முக்கிய நோக்கமாக இருந்தது.

கல்வி அமைச்சர்

1946 முதல் 1949 வரை த. பிரகாசம், ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் ஆகியோரின் அமைச்சரவைகளில் அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராகப் பணியாற்றினார். காந்தியடிகள் 1937 இல் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம் இவருடைய காலத்தில் மாகாணத்தில் விரிவுபடுத்தப்பட்டது. அத்திட்டம் தொடக்கத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உரியதாக இருந்தது. 1944 இல் சிறையிலிருந்து விடுதலையான பின், பள்ளிப் பருவத்திற்கு முந்தைய குழந்தைகளின் வளர்ப்பையும் அவர்தம் பெற்றோரின் கல்வியையும் உள்ளடக்கியதாகக் காந்தியடிகள் அதனை விரிவாக்கினார். அவினாசிலிங்கம் பிற்காலத்தில் தொடங்கிய மனையியல் கல்லூரியின் பணிகள் இக்கருத்தோடு நெருங்கிய தொடர்புடையவை.

1948 ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இவர் அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இதுவாகும். நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் இத்தகைய சட்டத்திற்காக நெடுங்காலம் முயன்று வந்தார். இச்சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் நூலக ஆணைக்குழு அமைக்கப்பட்டது. சொத்து வரியுடன் சேர்த்து வாங்கப்படும் சிறு தொகை நூலகங்களுக்கு நிலையான வருவாயாயிற்று. நூல் வாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகளும் தம் ஊரிலேயே படிப்பதற்கு இவ்வேற்பாடு வழிவகுத்தது. தமிழகத்தின் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இச்சட்டத்தின் அடிப்படையிலேயே வளர்ந்தன.

இவருடைய அமைச்சர் பணி எதிர்ப்பையும் சந்தித்தது. 1948 இல் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது பெரியார் ஈ. வெ. இராமசாமியும் திராவிடர் கழகத்தினரும் அதனை எதிர்த்துப் போராடினர். அரசு பின்னர் இந்தியை விருப்பப் பாடமாக மாற்றியது. தமிழ் வளர்ச்சிக்கான அமைப்பைத் தோற்றுவித்தவரே கட்டாய இந்தி ஆணைக்கும் பொறுப்பேற்க நேர்ந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே வரலாற்றில் இவருடைய பங்கு மதிப்பிடப்படுகிறது.

கலைக்களஞ்சியங்கள்

தமிழில் எல்லாத் துறை நூல்களும் வெளிவர வேண்டும் என்ற நோக்கத்துடன் 1946 இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை அவினாசிலிங்கம் நிறுவினார். நவீன அறிவியல், வரலாறு, கலை அனைத்தையும் தமிழில் தரும் கலைக்களஞ்சியத்தை உருவாக்குவது கழகத்தின் முதன்மைப் பணியாயிற்று. அதற்கு முன், 1910 இல் வெளிவந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி, புராண இலக்கியச் செய்திகளுக்கான பெரும் நோக்கு நூலாக இருந்தது. அறிவியல் துறைகளுக்கு அத்தகைய நூல் இல்லை. கலைச்சொற்கள் பலவும் புதிதாக ஆக்கப்பட வேண்டியிருந்தன.

இப்பணியின் முதன்மைப் பதிப்பாசிரியராக ம. ப. பெரியசாமித் தூரன் (1908 - 1987) பொறுப்பேற்றார். ஈரோடு வட்டாரத்தில் பிறந்த தூரன் அதற்கு முன் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954 இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி 1968 இல் வெளிவந்தது.

அதனைத் தொடர்ந்து குழந்தைகள் கலைக்களஞ்சியப் பணி மேற்கொள்ளப்பட்டது. 1968 முதல் 1976 வரை இதன் பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. பெரியவர்களுக்கான தொகுதிகளைச் சுருக்கித் தராமல், சிறுவர்கள் தாமே படித்து அறியும் வகையில் எளிய நடையில், படங்களுடன் இவை புதிதாக எழுதப்பட்டன. பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு விடை தேடும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இவை கைநூலாகப் பயன்பட்டன.

குழந்தை உளவியலைத் தமிழில் எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் தூரன். குழந்தை உள்ளம், குமரப் பருவம், தாழ்வு மனப்பான்மை, கருவில் வளரும் குழந்தை முதலிய நூல்களை அவர் இயற்றினார். சிறுவர் கதைகளும் பாடல்களும் எழுதினார். நாட்டுப்புறப் பாடல்களையும் தொகுத்தார்.

மனையியல் கல்லூரி

1957 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பெண்களுக்கான மனையியல் கல்லூரியை அவினாசிலிங்கம் தொடங்கினார். உணவும் ஊட்டச்சத்தும், குழந்தை வளர்ச்சி, ஆடையியல், வீட்டு மேலாண்மை, விரிவாக்கக் கல்வி ஆகியவை மனையியலின் பிரிவுகளாகும். இந்தியாவில் இத்துறைக்கு முன்னோடியாக 1932 இல் தில்லியில் இர்வின் சீமாட்டி கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது.

1961 இல் முதல்வராகப் பொறுப்பேற்ற ஊட்டச்சத்து அறிஞர் இராஜம்மாள் பா. தேவதாஸ் (1919 - 2002) இக்கல்லூரியின் வளர்ச்சியில் பெரும்பங்கு வகித்தார். செங்கத்தில் பிறந்து, அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், பள்ளி மதிய உணவு, இளங்குழந்தைகளின் ஊட்டச்சத்து ஆகியவற்றில் ஆய்வுகள் மேற்கொண்டார்.

குழந்தை அமுது

1970களில் இக்கல்லூரியில் உருவாக்கப்பட்ட இணை உணவு குழந்தை அமுது எனப்படுகிறது. தாய்ப்பாலுடன் வேறு உணவும் தேவைப்படும் பருவத்துக் குழந்தைகளுக்காக இது வகுக்கப்பட்டது. சோளம் அல்லது மக்காச்சோளம் போன்ற தானியம், பாசிப்பருப்பு, நிலக்கடலை, வெல்லம் ஆகியவை இதன் சேர்பொருட்களாகும். தானியத்தையும் பருப்பையும் கடலையையும் தனித்தனியே வறுத்துப் பொடித்துக் கலந்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது வெல்லம் சேர்த்துக் கூழாகத் தரலாம்.

இக்கலவைக்கு அறிவியல் அடிப்படை உண்டு. தானியங்களின் புரதத்தில் இலைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு; பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினைத் தானியம் ஈடுசெய்கிறது. நிலக்கடலை கொழுப்பையும் கூடுதல் புரதத்தையும் தருகிறது. வறுப்பதால் பொடி நெடுநாள் கெடாமல் இருப்பதுடன் செரிமானமும் எளிதாகிறது. கடையில் விற்கும் டப்பா உணவுகளை வாங்க இயலாத குடும்பங்களும், கொங்கு நாட்டுக் காடுகளில் விளையும் பொருட்களைக் கொண்டே இதனைச் செய்துகொள்ள முடிந்தது.

நாடாளுமன்றப் பணி

1952 ஆம் ஆண்டின் முதல் பொதுத் தேர்தலில் திருப்பூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1957 வரை உறுப்பினராக இருந்தார். 1958 முதல் 1964 வரை மாநிலங்களவை உறுப்பினராகப் பணியாற்றினார். அதன்பின் தேர்தல் அரசியலிலிருந்து விலகிக் கல்விப் பணிகளில் ஈடுபட்டார்.

மதிப்பீடு

பெண் கல்வியை வீட்டுடனும் குழந்தை வளர்ப்புடனும் பிணைத்தது என்ற குறை மனையியல் துறையின் மீது பொதுவாகக் கூறப்படுவதுண்டு. குழந்தை வளர்ப்பு தாய்க்கும் தந்தைக்கும் பொதுவானது என்னும் இக்காலக் கருத்து, பெண்களுக்கென்றே வகுக்கப்பட்ட அப்பாடத்திட்டத்தில் தொடக்கத்தில் இடம்பெறவில்லை. அதே வேளையில், உயர்கல்விக்குப் பெண்களை அனுப்பத் தயங்கிய கோவை வட்டாரக் குடும்பங்கள் பல இத்தகைய கல்லூரிகளுக்கு இசைந்தன. அவற்றில் பயின்ற பெண்கள் ஆசிரியர்களாகவும், ஊட்டச்சத்து வல்லுநர்களாகவும், ஆய்வாளர்களாகவும் பணிக்குச் சென்றனர். அவினாசிலிங்கத்தின் கல்லூரியும் காலப்போக்கில் அறிவியல், வணிகவியல், பொறியியல் எனப் பிற துறைகளுக்கு விரிந்தது.

அவர் பிறந்த திருப்பூர் 1980களுக்குப் பின் பனியன் ஏற்றுமதி நகரமாக மாறியது. தாயும் தந்தையும் பனியன் ஆலைகளில் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் அங்குப் பெருகின. பகல் முழுவதும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, குறைந்த நேரத்தில் என்ன சத்தான உணவு தருவது என்பன அக்குடும்பங்களின் அன்றாடச் சிக்கல்களாயின. பாட்டி, தாத்தா, அக்கம்பக்கத்தார் ஆகியோருடன் அங்கன்வாடிகளும் இப்பொறுப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. 1975 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகள் இயங்குகின்றன. தமிழக அரசின் சத்துணவுத் திட்டம் 1982 இல் தொடங்கப்பட்டது. தானியம், பயறு, வெல்லம் ஆகியவற்றைக் கலந்து அங்கன்வாடிகளில் வழங்கப்படும் சத்துமாவும் குழந்தை அமுதைப் போன்ற இணை உணவு வகையைச் சேர்ந்ததே.

விருதுகளும் நூல்களும்

இந்திய அரசு 1970 இல் இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. காந்தியடிகளுடனான தம் தொடர்பை நான் கண்ட மகாத்மா என்னும் நூலில் எழுதியுள்ளார். கல்வி பற்றிய நூல்களையும் தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதியுள்ளார்.

மறைவு

மனையியல் கல்லூரி 1988 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததைக் கண்ட அவினாசிலிங்கம், 1991 நவம்பர் 21 அன்று தம் 88 ஆம் அகவையில் காலமானார். அக்கல்லூரி இன்று அவினாசிலிங்கம் மனையியல் மற்றும் மகளிர் உயர்கல்வி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. பெரியநாயக்கன்பாளையம் வித்தியாலயமும் தொடர்ந்து செயல்பட்டு வருகிறது. தமிழ்க் கலைக்களஞ்சியமும் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் மின்வடிவாக்கப்பட்டு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வலைத்தளத்தில் படிக்கக் கிடைக்கின்றன.