40 தாண்டினாலே அம்மா வேஷமா? பாட்டியாக வந்து ஜெயித்த கே.பி.சுந்தராம்பாள்!

கொடைக்கானல் மேல்மலைக் கிராமமான பூண்டி இருப்பது பழனி மலைத்தொடரில். ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்ட முருகன் வந்து நின்றதாகச் சொல்லப்படும் பழனி, இதே மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் இருக்கு. அந்தக் கதை என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது, முருகனைச் சமாதானம் செய்யும் ஔவைப் பாட்டி. 1965-ல் வெளியான ‘திருவிளையாடல்’ படத்தில் அந்த ஔவையாக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். அப்போது அவருக்கு வயசு 56!

யார் இவர்?

1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். நாடக மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் சேர்ந்து பாடிப் புகழ்பெற்று, அவரையே மணந்தார். 1933-ல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன்பிறகு வெள்ளைச் சேலைதான். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். 1935-ல் வந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்திலேயே நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கியது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு.

இளமையைத் துறந்த ஔவை

1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தது. கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிய பெண்ணின் கதை. இளம் ஔவையாக நடித்தவர் குசலகுமாரி. ஆனால் படத்தைத் தாங்கியது, 45 வயதைத் தொடவிருந்த சுந்தராம்பாள்.

அப்போது மற்ற கதாநாயகிகளின் நிலை என்ன? 1942-ல் கண்ணகியாக நடித்த பி.கண்ணாம்பா, 1954-ல் ‘மனோகரா’வில் சிவாஜியின் அம்மா. வலுவான வேடம்தான். ஆனாலும் படத்தின் பெயர் மகனுடையது. ‘ஔவையார்’ படத்திலோ தலைப்பே பாட்டியின் பெயர்!

எப்படி முடிந்தது?

ஒன்று, அவர் குரல். ரசிகர்கள் டிக்கெட் வாங்கியது அந்தக் குரலைக் கேட்கத்தான். இளமையைப் பார்க்க அல்ல. இன்னொன்று, வயதான பெண்ணை நடுவில் வைத்து எழுதிய கதை. ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது கிடைத்தபோது அவர் 60-ஐத் தாண்டியிருந்தார். 1970-ல் பத்மஸ்ரீயும் வந்தது. 1973-ல் ‘காரைக்கால் அம்மையார்’ படத்திலும் நடித்தார். அம்மையாரும் இளமையைத் துறந்தவர்தான்.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்கணும். அவருக்குத் திறந்த கதவு பெரும்பாலும் துறவிக்கும் பக்தைக்கும் உரியது. ஆசையும் கோபமும் உள்ள சாதாரண நடுவயதுப் பெண்ணாக அவரைப் பார்க்க சினிமா பெரிதாக முயலவில்லை. 1980-ல் அவர் மறைந்தார். வயசு தடையில்லை என்று அவர் காட்டிவிட்டார். அந்த வயசுக்கு ஏற்ற கதை எழுதுவதுதான் இன்றும் பாக்கி.