பூமியின் சூட்டைக் கணக்குப் போட்ட கெல்வின்

செஞ்சிக்கு அருகே உள்ள ஊர் மண்டகப்பட்டு. மகேந்திரவர்ம பல்லவன் 7-ம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து அமைத்த குகைக் கோவில் அங்கே இருக்கிறது.

சித்திரை வெயிலில் வெளிப் பாறையில் கால் வைக்க முடியாது. குகைக்குள் நுழைந்தால் குளுகுளு என்று இருக்கும்.

அந்தப் பக்கத்துக் கிணறுகளும் அப்படித்தான். சித்திரையில் தண்ணீர் சில்லென்று இருக்கும். மார்கழி விடியலில் இறைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். மாறுவது மேலே உள்ள காற்று. ஆழத்தில் உள்ள மண்ணின் சூடு அவ்வளவாக மாறுவதில்லை.

இந்தச் சூட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் விஞ்ஞானி கெல்வின்.

தாய் இல்லாத பிள்ளை

அவருடைய சொந்தப் பெயர் வில்லியம் தாம்சன். 1824-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி அயர்லாந்தில் உள்ள பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார்.

6 வயதிலேயே தாயார் இறந்து விட்டார். தந்தை கணக்கு ஆசிரியர். அவரே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வளர்த்தார்.

தந்தைக்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. மகன் 10 வயதில் அங்கேயே மாணவனாகச் சேர்ந்தான்! 22 வயதில் பேராசிரியர் ஆகி, 53 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

சூட்டை இறைக்கும் பம்பு

அது குளிர் நாடு. வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிப்பார்கள். சூட்டில் பெரும் பகுதி புகைபோக்கி வழியே போய்விடும்.

1852-ல் கெல்வின் ஒரு யோசனை சொன்னார். அந்தச் சக்தியைக் கொண்டு ஒரு பம்பை ஓட்டினால், வெளியே இருக்கும் சூட்டை வீட்டுக்குள் இறைக்கலாம்!

பனிக் காற்றில் ஏது சூடு? உண்டு. சைபருக்குக் கீழே 273 டிகிரி வரை போனால்தான் சூடு அடியோடு தீரும். காற்றை விரிய விட்டால் குளிரும். அழுத்தினால் சுடும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறது அல்லவா? அதே சங்கதிதான்.

அப்போது அது காகிதத்தோடு நின்றுவிட்டது. கெல்வினும் கடலடித் தந்திக் கம்பி போடும் வேலைக்குப் போய்விட்டார். 1866-ல் அதில் வெற்றி கண்டு ‘சர்’ பட்டம் பெற்றார்.

சூட்டை மண்ணிலிருந்தே எடுக்கலாம் என்று சுவிட்சர்லாந்துக்காரர் சோலி என்பவர் 1912-ல் காப்புரிமை வாங்கினார். இன்று குளிர் நாடுகளில் பல வீடுகளில் இந்தப் பம்பு இருக்கிறது. மண்ணில் குழாய் புதைத்து, அதில் தண்ணீரை ஓட விடுகிறார்கள். நன்றாக ஓடினால் 1 பங்கு மின்சாரத்துக்கு 3, 4 பங்கு சூடு கிடைக்கும்.

ஊறாத கிணறு

சில வீடுகளில் இரண்டு மூன்று குளிர்காலம் போனதும் சூடு குறைந்துவிடும். மின்சாரக் கட்டணம் ஏறும். வீட்டுக்காரர் மெஷினைத் திட்டுவார். கோளாறு மெஷினில்தானா?

எடின்பரோ நகரில் பாறையிலும் மணலிலும் சுமார் 25 அடி ஆழம் வரை தெர்மாமீட்டர்களைப் புதைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கணக்குகளைக் கெல்வின் வாங்கி ஆராய்ந்தார். மேலே அடித்த கோடைச் சூடு அடியில் போய்ச் சேர மாதக் கணக்கில் ஆவது தெரிந்தது. சூட்டைக் கொடுப்பதில் மண் மகா கஞ்சன்!

ஊற்றுக் குறைந்த கிணற்றில் பெரிய மோட்டார் வைத்தால் என்ன ஆகும்? சீக்கிரம் அடி தெரிந்துவிடும். அதே போல, சூடு வந்து சேரும் வேகத்தைவிட அதிகமாக இழுத்தால் குழாயைச் சுற்றியுள்ள மண் குளிர்ந்துவிடும்.

ஆகவே விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு, மண்ணிலிருந்து வரும் தண்ணீரின் சூட்டையும் திரும்பிப் போகும் தண்ணீரின் சூட்டையும் அளப்பார். பொதுவாக 3 முதல் 5 டிகிரி வித்தியாசம் இருக்கும்.

வித்தியாசம் அதிகமானால், தண்ணீர் சரியாக ஓடவில்லை. குழாயில் காற்று அடைத்திருக்கும், அல்லது பம்பு தளர்ந்திருக்கும். வித்தியாசம் மிகவும் குறைந்து வீடும் சூடாகாவிட்டால், மெஷினில் கேஸ் கசிந்திருக்கலாம்.

வித்தியாசம் சரியாக இருந்து, வருகிற தண்ணீரே ஆண்டுக்கு ஆண்டு குளிர்ந்துகொண்டு போனால்? மண் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். கேஸ் அடைத்துப் பயன் இல்லை. குழாயை நீட்ட வேண்டும். அல்லது கோடையில் பம்பைத் திருப்பி ஓட்டி, வீட்டுச் சூட்டை மண்ணுக்குள் அனுப்ப வேண்டும்.

கெல்வின் செய்த தப்பு

பூமி உருகிய குழம்பாக இருந்து ஆறிக்கொண்டே வருகிறது என்று கெல்வின் வைத்துக்கொண்டார். அதன் வயது 2 கோடிக்கும் 40 கோடிக்கும் நடுவே என்று 1862-ல் சொன்னார். 1897-ல் அதையும் 2 கோடி முதல் 4 கோடி என்று குறைத்தார்.

அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895-லேயே மறுத்திருந்தார். பூமியின் உட்புறம் சூட்டை எளிதாக மேலே கொண்டு வரலாம், அப்படியானால் கணக்கே மாறிவிடும் என்று காட்டினார். குரு இறங்கி வரவில்லை!

ரேடியம் தானாகவே சூட்டைக் கொடுப்பது 1903-ல் தெரிந்தது. பூமிக்குள் புதிய சூடு உண்டாகிக்கொண்டே இருக்கிறது. இன்றைய கணக்குப்படி பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள்.

கெல்வின் 1907-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், நியூட்டன் சமாதிக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.