சட்டம் கற்பித்த சிவராஜ்

திருப்போரூர் அருகே புதுப்பாக்கத்தில் உள்ள அரசு சட்டக் கல்லூரி மாணவர்கள் அறிய வேண்டிய பெயர் என்.சிவராஜ்.

1892-இல் கடப்பாவில் பிறந்தார். 1891-இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரியில் படித்து, அங்கேயே பேராசிரியரானார். ஒடுக்கப்பட்டோருக்குப் பள்ளி வாசலே எட்டாத காலம் அது.

1942-இல் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராகி, அண்ணல் அம்பேத்கருடன் உழைத்தார். 1945-இல் சென்னை மேயர். 1957-இல் செங்கல்பட்டு எம்.பி. 1964-இல் மறைந்தார்.

அவர் கற்பித்த கல்லூரி பின்னர் அம்பேத்கர் பெயரைப் பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த சட்டப் படிப்பு, 1997-இல் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. 2018-இல் அக்கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் இடம் மாறியது.

அன்று எட்டாத வாசல் இன்று நம் ஊர்ப் பக்கம் வந்துவிட்டது. பிளஸ் 2 முடித்தவர்களும் சட்டம் படிக்கலாம். நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கத் தயங்கக் கூடாது.