அணியிலக்கணம் தெளிவித்த ஆசான்
சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர்

ஐந்திலக்கணங்களுள் அணியிலக்கணமே பெயரளவில் மாணவர் நாவில் நின்று, பொருளளவில் நழுவிப் போவது. உவமை, உருவகம், சிலேடை எனப் பரீட்சைக்கு முன்னாள் இரவெல்லாம் பாராயணஞ் செய்தும், மறுநாள் வினாத்தாளிற் செய்யுளைக் கண்டதும் இஃது எவ்வணியோ எனத் திகைக்கும் பிள்ளைகள் வேலணையிலும் உளர். யாழ்ப்பாணப் பட்டினத்திலும் உளர். இக்குறை நீங்க உழைத்த பெரியார் ஒருவரை இம்மலரில் நினைவுகூர விரும்புகின்றோம்.

குமாரசுவாமிப் புலவர் 1854ஆம் ஆண்டிற் சுன்னாகத்திற் பிறந்தவர். தமிழை முருகேச பண்டிதரிடமும், வடமொழியை நாகநாத பண்டிதரிடமும் கற்றார். சி. வை. தாமோதரம்பிள்ளை 1876இல் ஏழாலையில் நிறுவிய சைவப் பாடசாலையிற் பல்லாண்டுகள் ஆசிரியராயிருந்தார். பின்னர், 1848இல் நாவலர் தாபித்த வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையிலே தலைமையாசிரியராய் விளங்கினார். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழிலும் எழுதினார்.

நம் பொருளுக்கு வேண்டுவது அவர் தண்டியலங்காரத்துக்கு எழுதிய புத்துரை. தண்டியலங்காரம் வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவியது. பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல் என மூன்று பகுதியுடையது. பொருளணிகள் முப்பத்தைந்து கூறுவது. பழையவுரை இருந்தும், தொடக்க மாணவர் துணையின்றி அதனுட் புகுதல் அரிது. காளிதாசரின் மேகதூதத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கிய புலவருக்கோ மூலநூலின் மொழியும் வழிநூலின் மொழியும் ஒருங்கே கைவந்திருந்தன. அவ்விரண்டும் அறிந்தார்க்கே சில பெயர்களின் அருமை புலப்படும். வடநூலார் உற்பிரேட்சை என்பதைத் தமிழார் தற்குறிப்பேற்றம் என்றனர். அப்பெயரே இலக்கணமுமாய் நிற்றல் காண்க. காற்றிற் பனையோலை அசைதல் இயல்பு. துறை விட்டகலும் தோணியை ‘மீண்டு வருக’ என அப்பனை கையசைத்து அழைக்கின்றதெனப் புலவன் தன் குறிப்பை ஏற்றிக் கூறின், அதுவே அவ்வணி. நம் தீவகத்துப் பிள்ளைக்கு இதனினும் எளிய உதாரணம் வேண்டுமோ?

உவமையையும் உருவகத்தையும் மயங்குவோர் பலர். மதிமுகம் என்புழி மதி போன்ற முகம்; இஃது உவமை. முகமதி என்புழி முகமே மதியாயிற்று, இஃது உருவகம். சொல் இடம்மாறப் பொருளும் மாறிற்று. சிலேடைக்கோ தொலைவிற் செல்ல வேண்டா. வேலை என்பது தொழிலுக்கும் பெயர், கடலுக்கும் பெயர். ‘இவ்வூரார் வேலையை நம்பி வாழ்வோர்’ என்றால், சொற் பிரியாமலே இருபொருள் தருதலிற் செம்மொழிச் சிலேடையாம். பிரித்துப் பொருள் கொள்வது பிரிமொழிச் சிலேடை.

சொல்லணியியலிற் கூறப்படும் சித்திரகவிகள் எம் மனத்தை அத்துணை கவர்ந்தில. விகடகவி என்னுஞ் சொல்லைப்போல முன்னும் பின்னும் ஒன்றாய்ப் படிக்கப்படும் மாலைமாற்று வியப்பைத் தரும்; இன்பந் தருதல் அருமை. ஆயினும் நூலில் உள்ளதை உரையாசிரியர் ஒதுக்குதல் முறையன்று.

புலவர் யாப்பருங்கலக்காரிகைக்கும் அகப்பொருள் விளக்கத்துக்கும் உரை கண்டார். தமிழ்ப்புலவர் சரித்திரமும் எழுதினார். 1922இல் இறையடி சேர்ந்தார். அவரிடம் பாடங் கேட்டவருள் ஒருவரே, தொல்காப்பிய உரைகளுக்கு விளக்கக் குறிப்பெழுதிப் புகழ்பெற்ற வித்துவசிரோமணி சி. கணேசையர். தம் ஆசிரியரின் வரலாற்றை நூலாக எழுதியவரும் அவரே.